சாமம் தாண்டி வந்த சாமி: ஒரு கொடை வாரத்தின் ஆய்வு

கொடை என்பது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா; அதன் நள்ளிரவுப் பூசைதான் சாமக் கொடை. எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் போன கொடைக்கு முந்தின கொடையில், சாமக் கொடை நேரத்துக்குச் சாமி வரவில்லை. சாமி இறங்கி ஆடுகிற கோமரத்தாடி சல்லடமும் குல்லாவும் கட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைப் பிடித்தபடி பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். வில்லுப்பாட்டுக்காரர்கள் சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். நையாண்டி மேளம் ஏற்றி ஏற்றி அடித்தது. பெண்கள் குலவையிட்டுத் தொண்டை கட்டிப்போனார்கள். பன்னிரண்டுக்கு வரவேண்டிய அருள் வந்தபோது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. அதற்குள் பந்தலில் பாதி காலி. சாமி சுடுகாட்டுக்குப் போகிற வேட்டைக்குக் கிளம்பிய தீவட்டிக்குப் பின்னால் பத்து ஆண்கள்கூட இல்லை.

மறுநாள் மஞ்சள் நீராட்டில் ஊருக்கு வேறு பேச்சே கிடையாது. பந்தலுக்குள் தீட்டு புகுந்துவிட்டது என்றார்கள் சிலர். கோமரத்தாடியின் விரதத்தில் குறை என்றார்கள் சிலர். நாற்பத்தொரு நாள் வெறுந்தரையில் படுத்து விரதம் காத்த மனிதர் அவர். அந்தப் பேச்சைக் கேட்டுக் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்தபிறகு எனக்கு மனசு ஆறவில்லை. கோயில் கமிட்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். கொடை கழிந்து எட்டாம் நாள் நடக்கிற எட்டாம் பூசை முடிந்து கணக்கு ஒப்படைக்கிற அன்றைக்கே, அந்த இரண்டு நாளில் எந்த மணிக்கு எது நடந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத ஆரம்பித்தேன். இந்த ஆய்வு அந்த நோட்டிலிருந்து பிறந்தது.

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. பிசான நெல்லை அறுத்து வைக்கோல் படப்பு அடைந்தபின், கார் நெல்லுக்கு ஜூன் மாதம் பாபநாசத்தில் தண்ணீர் திறக்கிற வரைக்கும் வயலில் வேலை இருக்காது. கையில் நாலு காசும் இருக்கும். இந்தப் பக்கத்துக் கொடைகள் பலவும் சித்திரை வைகாசியில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களுக்குச் சித்திரைக் கடைசிச் செவ்வாய். அதற்கு முந்தின செவ்வாயில் பந்தக்கால் நடுகிற கால்நாட்டு. கால்நாட்டிய அன்றே முளைப்பாரி போடுவார்கள். அந்தச் செவ்வாய்க்கும் இந்தச் செவ்வாய்க்கும் நடுவில் உள்ள நாட்கள் தான் எங்கள் ஊரின் கலைவாரம். சென்னை, திருப்பூர், பம்பாய் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் அந்த வாரத்தை மனசில் வைத்துத்தான் ரயிலுக்கு முன்பதிவு செய்கிறார்கள்.

அந்த வருடத்து நோட்டீசைப் பாருங்கள். திங்கள் இரவு குடியழைப்பு, வில்லிசை. செவ்வாய் காலை ஆற்றிலிருந்து பால்குடம். பகல் உச்சிக் கொடை, அன்னதானம். மாலை ஏழு மணிக்கு மாபெரும் இன்னிசைக் கச்சேரி. இரவு பத்துக்கு வில்லிசை. பன்னிரண்டுக்குச் சாமக் கொடை. தாளில் எல்லாம் பொருந்தித்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

பகல் கொடையில் வில்லு கட்டினார்கள். ஆனால் இருந்தது ஒரே மைக். அன்னதானத்துக்கு வரிசையை ஒழுங்குசெய்ய அதுதான் வேண்டியிருந்தது. காணாமல்போன குழந்தைக்கும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே அன்பளிப்பு. ஐந்நூற்றொன்று கொடுத்தவர் பெயரும் ஆயிரத்தொன்று கொடுத்தவர் பெயரும் தகப்பனார் பெயரோடு, வேலை பார்க்கிற ஊரோடு, பேரப்பிள்ளைகள் பெயரோடு வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் வில்லுக் குழுவை நடத்துகிற அண்ணாவி வீசுகோலைத் தாழ்த்தி நிறுத்தினார். கைலாசத்தை விட்டுக் கதை நகரவே இல்லை. மூன்று மணிக்கு வில்லை அவிழ்த்துவிட்டார்கள்.

ஏழு மணிக் கச்சேரி எட்டரைக்குத் தொடங்கியது. பாடகர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. அது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் அனுமதி பத்து மணி வரைக்கும்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு வருடத்துக்குப் பதினைந்து நாள் வரைக்கும் நள்ளிரவுவரை தளர்த்தலாம் என்று அதே விதியில் உண்டு. எங்களுக்கு எழுதித் தந்தது பத்து மணி, நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் கச்சேரியை நிறுத்தச் சொன்னதும் இளவட்டங்கள் மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். சமாதானம் பேசி முடிக்கப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. மைக் இல்லாமல், களைத்துப்போன கூட்டத்துக்கு முன்னால், ஜெனரேட்டர் இரைச்சலுக்கு நடுவில் வில்லுக்காரர்கள் உட்கார்ந்தார்கள். சாமத்துக்கு மீதி இருந்தது ஒன்றேகால் மணி நேரம்தான். அதற்குள் அவர்கள் சுடலையின் பிறப்பிலிருந்து வேட்டைவரை பாட வேண்டும்.

எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஒரு பெரியாச்சி இருக்கிறாள். எல்லாரிடமும் கேட்டதுபோல அவளிடமும் கேட்டேன். "பொறந்த கதையே பாடலியே ஐயா. கூப்பிடாத வீட்டுக்கு யாருதான் வருவா?" என்றாள். கமிட்டியில் யாரும் யோசிக்காத காரணம் அது.

அதற்குப் பிறகுதான் அண்ணாவியைத் தேடிப் போனேன். பழி போட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல, திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, மைக் போனது ஒண்ணுமில்ல. எங்க அய்யா காலத்துல மைக்கா இருந்துச்சு? மத்தியானம் பொறப்பப் பாடணும். நீங்க எனக்கு மத்தியானத்தத் தரலியே. ராத்திரி வந்து ஒக்காந்ததும் வரத்துப் பாடுன்னா, நான் எந்தக் கைலாசத்துலேருந்து அவர எறக்குவேன்?"

இந்த இடத்தில் வில்லுப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். டிவியிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் மட்டும் பார்த்தவர்களுக்குக் கோயில் வில்லு எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வாய்ப்பில்லை.

வில் ஓர் ஆள் உயரத்துக்கும் நீளமானது. அதன் நடுவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். வில் நெடுக வெண்கல மணிகள் தொங்கும். அண்ணாவி இரண்டு வீசுகோலால் நாணைத் தட்டும்போது நாணோடு மணிகளும் பேசும். குடக்காரர் ஒரு கையால் பத்தி என்கிற மட்டையைக் குடத்தின் வாயில் அடிக்க, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு ஓசை கிளம்பும். பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குழு உட்கார்ந்திருப்பது பீடத்தைப் பார்த்து. ஊர் சுற்றி இருந்து கேட்கலாம், ஆனால் கதை சொல்லப்படுவது சாமிக்கு.

கதையும் ஒரே மூச்சில் முடிகிற கதை இல்லை. கொடையின் பூசைகளோடு பின்னியது. குடியழைப்பில் காப்புப் பாடி சாமியை அழைத்து நிறுத்துவார்கள். உச்சிக் கொடையில் பிறப்பு: பார்வதி பிள்ளை வரம் கேட்டது, தூண்டாமணி விளக்கின் சுடர் தெறித்துப் பிள்ளை ஆனது, அந்தப் பிள்ளை ராத்திரியில் சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றது, கைலாசத்தில் இருக்க முடியாமல் வரம் வாங்கிக்கொண்டு பூமிக்கு இறங்கியது. இரவில் மலையாளக் கரைக் கதை: பகவதியின் புதையலுக்குக் காவல் நின்றது, காவலை மீறியவர்களை அழித்தது. சாமம் நெருங்க நெருங்கப் பாட்டு சுருங்கும், தாளம் நெருங்கும், அங்கிருந்து வரத்து. கோமரத்தாடி இந்தக் கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். மத்தியானம் பிறந்த பிள்ளை ராத்திரி அவர்மேல் வந்து இறங்குகிறது. அந்த வருடம் பிள்ளை பிறக்கவே இல்லை.

மேடை வில்லு வேறு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் வில்லைக் கோயில் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய், காந்தி கதை முதல் எத்தனையோ கதைகளைத் தமிழ் நாடெங்கும் பாடினார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2022இல் மறைந்தார். நெல்லைக்காரர்களாகிய எங்களுக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த மேடைப் பழக்கத்தில், வில்லு என்றால் இரண்டு மணி நேர நிகழ்ச்சி என்று எங்கள் தலைமுறை நினைத்துவிட்டது. நோட்டீசில் வில்லிசைக்கும் கச்சேரிக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்டு, ஒன்று முடிந்து மற்றொன்று என்று எழுதினோம். அங்கேதான் பிசகினோம்.

கதையைக் கேட்டால்தான் சடங்கு விளங்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில், பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்கள். முதல் முறை போகிற எவருக்கும் திகைப்பாக இருக்கும். முத்துப்பட்டன் கதையைக் கேட்டவருக்கு இருக்காது. பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, பூணூலைக் கழற்றி அந்தத் தொழிலையே தன் தொழிலாக எடுத்துக்கொண்டு, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன் அவன். அந்தக் கதை ஏடுகளிலும் அண்ணாவிகள் வாயிலும் இருந்தது. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) போன்றவர்கள் தேடிப் பதிப்பித்ததால் இன்று அச்சிலும் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ஆயிரம் ஆயிரமாய் வண்டி கட்டிப் போகிற குடும்பங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்தச் செருப்பின் கதை தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த வருடக் கொடைக்கு இரண்டு மாதம் முன்னால் ஊர்க்கூட்டம் கூடியது. என் நோட்டை வாசித்தேன். கச்சேரியே வேண்டாம் என்று பெரியவர்கள் எழுந்தார்கள். கொடை வரியில் பாதி நாங்கள் அனுப்புகிற பணம், எங்களுக்கு ஒரு ராத்திரி கிடையாதா என்று இளவட்டங்கள் எழுந்தார்கள். பையன்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வருடம் முழுக்கத் திருப்பூரில் பனியன் தைத்துவிட்டு வருகிற பையனுக்குத் தன் ஊர் மண்ணில் ஆட ஒரு ராத்திரி வேண்டும்தான். தலைவர் அண்ணாச்சிதான் வழி சொன்னார்: "வாரம் பூரா கெடக்குல்லா? எல்லாத்தயும் எதுக்குடே செவ்வாக்கெழம தலயில கட்டுதிய?"

அந்த ஒரு கேள்வியில் வாரம் பிரிந்து விழுந்தது.

புதன், வியாழன் பிள்ளைகளுக்கு: உறியடி, மெதுவாக சைக்கிள் ஓட்டுவது, கோலப் போட்டி. வழக்கமாக நடப்பவை. வெள்ளி, சனி இரவுகளில் முளைப்பாரி வீட்டு முற்றத்தில் கும்மி. இது முன்பும் நடந்ததுதான், ஆனால் கதவுக்குள் நடந்தது. முளைப்பாரியை வெளிச்சம் படாமல் அறைக்குள் வளர்ப்பார்கள், தண்ணீர் தெளிக்கிற பெண்களைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. அறையை அப்படியே விட்டு, முற்றத்துக் கும்மியை மட்டும் தெருவுக்கு விரித்தோம். ஒரு மதினி பாட்டெடுத்தாள், நாற்பது ஐம்பது பெண்கள் வட்டமாகத் தட்டினார்கள். மைக் வைக்கவில்லை. அந்தப் பாட்டுகளை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. அதே தெருவில் பிறந்து வளர்ந்தவன், என் தாயும் கும்மியடித்தவள்தான், எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஞாயிறு கச்சேரி. ஆறரைக்கே ஆரம்பித்து ஒன்பதே முக்காலுக்கு முடித்தார்கள். அன்பளிப்புப் பெயர்கள் எல்லாம் அந்த மேடையில் மொத்தமாக வாசிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்த பெயர்கள் கோயில் வாசலில் கரும்பலகையில் எழுதப்பட்டன. இதற்குக் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. பம்பாயிலிருந்து வந்த ஒரு மாமா, கொடையன்று சாமி முன்னால் தன் பெயரைச் சொல்லாமல் என்ன அன்பளிப்பு என்று பணத்தைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டோம். எட்டாம் பூசையன்று அவரே மறுபடி கொண்டுவந்து தந்தார்.

திங்கள் குடியழைப்பு முடிந்ததும், மகுடம் என்கிற தோற்கருவியை அடித்துப் பாடி ஆடுகிற கணியான் கூத்து. எங்கள் கோயிலில் அது நின்றுபோய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சுடலைமாடனுக்கு மகுடம் கேட்காத கொடை கொடையா என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை வரியில் கச்சேரிக்குக் குறைத்து இதற்குக் கொடுத்தோம். கூத்துக் குழுவில் அவர்களுடைய அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் இருவர், பெண்வேடம் கட்டி ஆடுகிறவர்கள் இருவர், தாளக்காரர். மகுடம் இரண்டு: உச்சம், மந்தம். அன்றைக்குச் சாயங்காலம் கோடைமழை ஒரு பொட்டு விழுந்திருந்தது. தோல் தொய்ந்துவிட்டது. காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி, அதன் அனலில் மகுடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, கால் மணி நேரம் அது நடந்தது. சின்னப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்தார்கள். பிறகு உச்சத்தில் ஓர் அடி விழுந்தது. ஒலிபெருக்கி இல்லாமல் ஊரின் கடைசி வீடுவரைக்கும் அது கேட்டது என்று மறுநாள் சொன்னார்கள்.

கணியான்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ள சிறு சமூகம். கூத்தே அவர்கள் குலத்தொழில். முன்காலத்தில் சாமக் கொடையில் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிற சடங்கும் அவர்களுடையதாக இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை, அவர்களும் பேச்செடுக்கவில்லை. நான் கவனித்தது வேறொன்று. பெண்வேடம் கட்டுகிறவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, கண்ணாடி, விளக்கு, குளிக்கத் தண்ணீர் என்று ஏற்பாடு செய்திருந்தோம். அவர்களில் மூத்தவர் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "இதுக்கே ஒங்க ஊருக்கு நல்லா ஆடணும் அண்ணாச்சி" என்றார். வேறு ஊர்களில் சுவருக்குப் பின்னால், புதர் மறைவில் சேலை கட்டியிருக்கிறார்களாம். ஆட்டத்தின்போது பையன்கள் இரண்டு பேர் சீண்டலாகக் குரல் கொடுத்தார்கள். தலைவர் அண்ணாச்சி எழுந்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

செவ்வாய்க்கு வருகிறேன். உச்சிக் கொடைக்கு மைக் வில்லுக்கு மட்டும் என்று எழுதிவைத்தோம். அன்னதானத்தைப் பள்ளிக்கூட வளாகத்துக்கு மாற்றினோம். ஜெனரேட்டரைப் பந்தலிலிருந்து களத்துமேட்டுக்குத் தள்ளி, வயரை நீட்டினோம். செலவு கூடியது. ஆனால் இந்த மாற்றங்களிலேயே பெரிய பலன் தந்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன். அந்த இரைச்சல் பந்தலை விட்டுப் போனபிறகுதான், அதுவரை எதையெல்லாம் கேட்காமல் இருந்தோம் என்று தெரிந்தது.

அக்கினி நட்சத்திர வெயில். பகல் வில்லுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆனால் அண்ணாவி ஆயிரம் பேர் இருப்பதுபோலப் பாடினார். சுடரில் பிள்ளை பிறக்கிற இடத்தில் பெரியாச்சி தானாகக் குலவையிட்டாள், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். கோமரத்தாடி தூணில் சாய்ந்து, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரவு பத்துக்கு மைக்கை அணைத்தோம். அதற்கு முன்பே கூட்டத்தை வில்லைச் சுற்றி நெருக்கி உட்காரச் சொல்லியிருந்தோம். முதல் சில நிமிடம் குரல் எட்டவில்லை, பின்வரிசையில் பேச்சு எழுந்தது. பிறகு பேச்சு தானாக அடங்கியது. கேட்க வேண்டுமானால் வாயை மூடித்தானே ஆகவேண்டும். குடத்தின் ஓசை தரை வழியாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் உடம்பில் ஏறியது. புதையல் காவல் கதை ஓடியது. பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் வரத்துக்கு மாறினார்கள். இரண்டாவது சுற்றிலேயே கோமரத்தாடியின் தோள் குலுங்கியது. வல்லயம் உயர்ந்தது. வேட்டைக்குப் போகும்போது தீவட்டிக்குப் பின்னால் ஆண்கள் தெரு நிறைய நின்றார்கள்.

ஒரு கொடையை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. சாமி வருவதும் வராததும் நாம் போட்ட அட்டவணைக்குக் கட்டுப்பட்டதா என்று கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. ஆனால் கோமரத்தாடிமேல் பழி சொன்னவர்கள், முந்தின வருடம் அவருக்கு என்ன கிடைக்கவில்லை என்பதை இந்த வருடம் கண்ணால் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்வி.

சரியாகாதவையும் இருக்கின்றன. ஞாயிறு கச்சேரிக்கு வெளியூர்க் கூட்டம் குறைவு. இளவட்டங்களுக்கு அதில் குறை உண்டு. முளைப்பாரி கரைக்கக் கால்வாயில் தண்ணீர் இல்லாததால் பெண்கள் வெயிலில் ஆறுவரைக்கும் நடந்தார்கள். ஒரு டிராக்டருக்குச் சொல்லியிருக்கலாம், யாரும் நினைக்கவில்லை. பகல் வில்லை ஒரு பையன் செல்போனில் பதிவு செய்தான், பாதியில் இடம் நிறைந்து நின்றுவிட்டது. அண்ணாவியின் மகன் கோயம்புத்தூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார். அவருக்குப் பிறப்புக் கதை முழுக்கத் தெரியுமாம், ஆனால் வில்லில் உட்கார்ந்ததில்லை.

மஞ்சள் நீராட்டு முடிந்து வில்லை அவிழ்த்துக் கட்டும்போதே அடுத்த கொடைக்கு அச்சாரம் கொடுத்துவிட்டோம். வாங்கும்போது அண்ணாவி கேட்டார்: "மத்தியானமும் சேத்துத்தான?" சேர்த்துத்தான் என்று சொல்லி, அதை நோட்டிலும் எழுதிவைத்தேன்.